அஞ்சலையின் நோய்க்கு ஒரு பெயர்

ஆடி 5, வெள்ளி
காலையிலிருந்து மழை. ரப்பர் மரங்களில் பால்வெட்டு இல்லை. டிரெஸ்ஸர் என்று நான் ஒருவனே இருக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மூன்று மலேரியா, ஒரு கால்புண். கொயினா மருந்து தீரப் போகிறது, எழுதிக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் அஞ்சலைக்குச் சாமி வந்துவிட்டது. போன மாதம் ஜுரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பால்வெட்டுக்காரி. சாமி வந்தவள் வாயை யார் மூடுவது? "எம்மவ அஞ்சல ஓடியாந்தா, அவன் எந்திரிக்கல! சீட்டாடிக்கிட்டிருந்தான் டிரெஸ்ஸர்!" கங்காணியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சீட்டாடியது உண்மை. நாளைக்குக் கொண்டு வா என்றதும் உண்மை. எனக்கு ஜோசியமா தெரியும்?

ஆடி 6, சனி
கூலி லயத்தில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கடைக்காரர் எனக்குக் கேட்கட்டும் என்றே, "ஆத்தா வாக்கு பொய்க்குமா?" என்றார். பயம்தான். டாக்டர் துரை காதுக்குப் போனால் வேலை போய்விடும்.

ஆடி 8, திங்கள்
மலாக்காவிலிருந்து டாக்டர் துரை வந்தார். தமிழ் ஒரு சொல் வராது, நான்தான் அவருக்கு வாயும் காதும். ஒருத்திக்குக் காதில் குரல் கேட்கிறது, என்னைக் கொலைகாரன் என்கிறாள் என்று நானே முந்திக்கொண்டேன். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. தடிப் புத்தகம் வெளியே வந்தது. கூச்சலும் குதிப்பும் என்றால் மேனியா. அழுது முடங்கினால் மெலங்கோலியா. இல்லாத குரல், காரணமில்லாத சந்தேகம் என்றால் டிமென்ஷியா பிரீகாக்ஸ், அது தேறாதாம்.

அஞ்சலையை வரவழைத்தோம். உன்னிடம் பேசுவது யார்?

"மாரியாத்தாங்க. எல்லாருகிட்டயுந்தான் பேசுவா."

முதல் பாதியை மட்டும் இங்கிலீஷில் சொன்னேன். தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சாமி வரும் என்பதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மூன்றாவது பெயரை எழுதினார். ராத்தூக்கம் நன்றாக வந்தது.

ஆடி 10, புதன்
லாரி வந்தது. வடக்கே பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு. அவள் புருஷன் என் பின்னாலேயே வந்தான். "ரெண்டு நாள்ல வுட்ருவாங்களா ஐயா?" வருவாள், வருவாள் என்றேன். சனியன், விடமாட்டேன் என்கிறான்.

கையெழுத்துப் போட டாக்டர் வந்திருந்தார். அஞ்சலை அவர் எதிரே நின்று, அழாமல், நிதானமாகச் சொன்னாள்: "எம்புள்ளைக்கு இவரு வரலைங்க தொரே. அத மட்டும் எழுதிக்குங்க."

என்ன கேட்கிறாள் என்றார் டாக்டர்.

தண்ணீர் கேட்கிறாள் என்றேன்.

கொடுக்கச் சொன்னார். குவளையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

கேட்டதையே மறுக்கிறாள், இந்த நோய்க்கு இதுவும் ஓர் அடையாளம் என்று ஃபாரத்தில் சேர்த்துக்கொண்டார்.