செவலை ஜெயித்த வருடம்

பெட்சபுரி,
மாக பூஜைக்கு மறுநாள்.

வணக்கத்துக்குரிய குணவரோ சாமி அவர்களின் திருவடிகளில், இல்லறத்திலேயே கிடக்கும் பிம்பா மூன்று முறை விழுந்து வணங்கி எழுதிக்கொள்வது.

விழுந்து வணங்கியாயிற்று. இனி எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். ‘தாங்கள்’ என்று ஆரம்பித்துப் பார்த்தேன், கை ஓடவில்லை. எட்டு வருடம் ஒரே தட்டில் மாங்காய் தின்றவரைத் தாங்கள் என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீங்கள் என்றே எழுதுகிறேன். பாவம் வந்தால் என் தலையில் விழட்டும்.

இங்கு எல்லாரும் சௌக்கியம். கூரையில் ஒழுகிய இடத்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டேன். குன்றிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் உங்கள் பப்பாளி மரத்தை மொட்டையடித்துவிட்டன. மழைக்காலம் முடியும்வரை மட்டும் துறவு என்று சொல்லி லோய் மலைக்குப் போனீர்கள். மழை முடிந்தது, குளிரும் முடிந்தது, இப்போது மாட்டுப் பந்தயக் காலமே வந்துவிட்டது. கேட்கிறவர்களிடம் “தியானத்துல மனசு ஒட்டிக்கிச்சு போல” என்று சொல்லிச் சமாளிக்கிறேன். மீன்காரி சுனீயிடம்தான் அது எடுபடவில்லை. “உங்கப்பன் பேரு வெக்கும்போதே யோசிச்சிருக்கணும்டி. புத்தர் விட்டுட்டுப் போனாரே, அந்தப் பொண்டாட்டி பேரும் பிம்பாதான்” என்கிறாள். சிரித்துக்கொண்டே மீனை வாங்கிவந்து, வீட்டில் அழுதுகொண்டே கழுவினேன்.

நீங்கள் தியானத்துக்காகப் போகவில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன ஜூன் மாதம் நூலக மண்டபத்தில் பட்ட அவமானம் தாங்காமல் போனீர்கள். அதை ஏன் கிளறுகிறாள் என்று நினைக்காதீர்கள், காரணம் இருக்கிறது. சாமியார்களுக்குப் பொறுமை அதிகம் என்கிறார்களே, பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரின் பழைய புகைப்படங்கள், செய்தித்தாள்கள், கோயில் ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க நீங்கள் எழுதிய மென்பொருள் அது. நான்கு வருட உழைப்பு. ‘கிடைத்தது’ என்று பெயர் வைத்தீர்கள். திறப்பு விழாவுக்கு வந்த துணை ஆளுநர் சும்மா நாடாவை வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் தோன் கை ஊர்க்காரர், எங்கள் நோங் யாவ் ஊருக்குப் பரம்பரைப் போட்டி. மைக்கைப் பிடித்துக்கொண்டு, “நோங் யாவ்காரங்க அவங்க செவலை மாடு புத்த வருசம் 2469ல ஆளுநரோட மாட்டையே ஜெயிச்சுதுன்னு நூறு வருசமா பீத்திக்கிறாங்க. அதைத் தேடுங்க, பாப்போம்” என்றார். அந்த ஆளுநர் மாடு தோன் கையில் வளர்ந்ததாயிற்றே.

இரண்டாம் வரிசையில் என் அப்பா பந்தயத்துக்குப் போடும் பூப்போட்ட சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா பூம் வளர்த்த மாடுதான் செவலை. நீங்கள் தட்டினீர்கள். ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று சுவர் முழுக்க எழுத்து வந்தது. மறுபடி தட்டினீர்கள், மறுபடியும் அதே. “குரங்கு கம்பியக் கடிச்சிருக்கும்” என்றான் ஒருவன். “பேருதான் கிடைத்தது, உள்ள ஒண்ணுமே கிடைக்கல” என்றான் இன்னொருவன். மண்டபமே சிரித்தது. அப்பா எழுந்து போனார், வாசலில் கழற்றிவிட்ட செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, “ஊரான் சிரிச்சா பரவால்ல, மாப்ளையோட பெட்டியே என் மானத்தக் கப்பலேத்திருச்சு” என்று உங்கள் காதுபடச் சொன்னார். அன்றிலிருந்து உங்களோடு உட்கார்ந்து அவர் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் நீங்கள் தலையை மழித்துக்கொண்டீர்கள். நூலகக் குழு பாங்காக் கம்பெனி ஒன்றின் மென்பொருளை வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தது.

இனிதான் சேதி. கம்பெனியிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கும் முன், ஹெங் ஸ்டூடியோவின் கண்ணாடித் தகட்டுப் படங்களை ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார் குழுத் தலைவர் சோம்போப். அவற்றை ஏற்றியவள் நான்தானே. உறையின்மேல் ஹெங் எழுதியிருப்பதைப் பார்த்து ஏற்றுவதோடு சரி, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அப்போது ஏது நேரம். இந்த முறை ஒவ்வொன்றையும் பெரிதாக்கினேன். ‘மாட்டுப் பந்தயம், பிப்ரவரி 1927’ என்று ஒரு படம். ஹெங் சிங்கப்பூரில் தொழில் கற்றவர், எப்போதும் மேலைநாட்டு ஆண்டில்தான் எழுதுவார். படத்தில் கழுத்தில் பரிசுத் துணி கட்டிய ஒரு மாடு. அதற்குப் பின்னால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பதாகை. அதில் ‘கோயில் திருவிழா 2469’ என்று இருந்தது.

எனக்குத் திக்கென்றது. புத்த வருடம் 2469இல் 543ஐக் கழித்தால் மேலைநாட்டு ஆண்டு 1926. உறையில் 1927. பதாகை பொய்யா, ஹெங் பொய்யா என்று இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டினேன். செத்துப்போன மனுஷன், பாவம். காப்பியை ஆறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் ‘பிப்ரவரி’ கண்ணில் பட்டது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் வருடம் பிறந்தது ஏப்ரலில். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் பழைய வருடத்தின் வாலில் கிடக்கும். உலகப் போர் இங்கே வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஜனவரிக்கு மாற்றினார்கள். ஐந்தாம் வகுப்பில் படித்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிட்டு நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன், சிரித்த துணை ஆளுநரும் மறந்தார். 2469இன் பிப்ரவரி என்றால் அது 1927தான். பதாகை சொன்னதும் சரி, ஹெங் சொன்னதும் சரி, என் அப்பா சொன்னதும் சரி. உங்கள் மென்பொருள் எல்லா மாதத்துக்கும் ஒரே கழித்தலைப் போட்டுக்கொண்டு 1926இல் போய்த் தேடியது. மாடு அடுத்த வருடத்தில் நின்றுகொண்டிருந்தது. இந்த நாட்டில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கணக்கு அது. இதற்காகவா ஒரு மனுஷன் தலையை மழித்துக்கொண்டு மலையேறுவான்?

நீங்கள் எழுதியதைத் திறந்தேன். எனக்குச் சொல்லித் தந்த அளவுக்குத்தான் தெரியும், ஆனால் அது போதுமாக இருந்தது. தேதிப் பகுதியின் தலையிலேயே ‘பிம்பா, தேதியில் தகராறு என்றால் இங்கே பார்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். வீட்டில் ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்காமல் போனவர் அங்கே என் பேரை எழுதியிருந்தீர்கள். கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, பழைய வருடம் என்றால் ஏப்ரலில் தொடங்கி அடுத்த மார்ச் வரை தேடு என்று மாற்றினேன். துணை ஆளுநர் கேட்ட அதே கேள்வியைத் தட்டினேன். முதல் வரியில் செவலை வந்து நின்றது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவிடம் மட்டும் போனேன். மாட்டுக்குக் கொம்பு துடைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை குழுக் கூட்டம், மண்டபத்துக்கு வா என்றேன். “அந்த மண்டபத்துல நான் காலெடுத்து வெக்க மாட்டேன்” என்றார். உன் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதை எடுக்கவாவது வா என்றேன். நல்ல தோல் செருப்பு. வந்தார்.

கம்பெனிக்காரர்கள் கழுத்துப்பட்டை கட்டி வந்திருந்தார்கள். அவர்கள் திரையில் உருண்டை சுற்றுகிறது, வண்ண வண்ணமாகக் கோடு ஓடுகிறது, பார்க்கக் கண் கூசியது. துணை ஆளுநருக்குப் பழைய வேடிக்கை மறக்கவில்லை. “எங்க, அந்த நோங் யாவ் மாட்ட இதுலயாவது தேடுங்க” என்றார். அவர்களும் அதே கழித்தலைத்தான் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மென்பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஒருவேளை இதைத் தேடினீர்களா என்று மாட்டிறைச்சிக் குழம்பு வைக்கும் புத்தகம் ஒன்றைக் காட்டியது. அப்பா எழுந்தே விட்டார். அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு நான் எழுந்தேன்.

என் கணவர் எழுதியதில் ஒரே ஒரு முறை தேடிப் பார்க்க அனுமதி வேண்டும் என்றேன். அவசரத்தில் 2469ஐ இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாம் முறை சுவர் முழுக்கச் செவலை. அப்பாதான் முதலில் பேசினார். “எங்க செவலைதான். எடது காது கிழிஞ்சிருக்கு பாரு. எங்க தாத்தா சொல்லுவாரு.” படத்தைப் பெரிதாக்கினேன், காது கிழிந்திருந்தது. அதன் கயிற்றைப் பிடித்து நிற்கிற பூம் தாத்தாவுக்கு அப்பாவின் அதே விரிந்த காது. ஏற்றும்போது நான் திருப்பிப் பார்க்காத உறையின் பின்பக்கத்தையும் காட்டினேன். ‘முதலில் வந்தது பூமின் மாடு, பின்னால் நிற்பது ஆளுநர் மாடு’ என்று ஹெங் தெளிவாக எழுதியிருக்கிறார்.

அந்தப் பின்னால் நிற்கிற மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அழாத குறையாக நிற்கிறார். துணை ஆளுநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். “இந்த மொகத்த எங்க வீட்டுச் செவத்துல பாத்திருக்கேனே. எங்க கொள்ளுத்தாத்தா” என்றார். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். திரும்பி என் அப்பாவைப் பார்த்துக் கைகூப்பி, “மாமா, நாங்க தோத்துட்டோம். மாடு ஓடலன்னா நான் என்ன பண்றது” என்றார். மனுஷன் நல்ல மனுஷன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். மண்டபத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்கு உங்களை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் போல ஆத்திரமாக வந்தது.

கம்பெனிக்காரர்களுக்குப் பலகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உங்கள் ‘கிடைத்தது’தான் இனி நம் நூலகத்துக்கு. மாகாணம் முழுக்க உள்ள கோயில் ஆவணங்களையும் அதிலேயே சேர்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. சோம்போப் என்னிடம், உங்கள் பழைய பெயரையே சொல்லி, “அனுவத் சாமியாராவே இருந்தா சம்பளம் மிச்சம்தான். ஆனா ஆள் வந்தாகணும்” என்றார். அந்த மாற்றத்துக்குப் பிறகு ஜனவரிப் படங்கள், பிப்ரவரிச் செய்திகள் எல்லாம் தத்தம் வருடத்துக்கு வந்து சேருகின்றன. தா யாங் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் அவர்கள் பள்ளி திறந்த நாள் படத்தை வருடக்கணக்காகத் தேடியவராம். நேற்றுக் கிடைத்தது. பனைவெல்லம் ஒரு பானை கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மேசையை நான் தினம் துடைக்கிறேன்.

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வீடுவரை விறுவிறுவென்று நடந்தார். வாசலில் வந்துதான், “மாப்ள அங்க என்ன சாப்புடுறாரு” என்று கேட்டார். ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் பிச்சையெடுத்து என்றேன். “ஒரு வேளையா” என்று இரண்டு முறை சொன்னார். இரவு அவர் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பெண் கையால் துறவிக்கு எதையும் நேரே தரக்கூடாதல்லவா, அதனால் இந்தக் கடிதத்தை அவரே கொண்டுவருகிறேன் என்று நிற்கிறார். பாங்காக்கைத் தாண்டி அறியாத மனுஷன், லோய் வரைக்கும் பஸ்ஸில் வருகிறார். அதுவும் இந்தச் சனிக்கிழமை பெரிய பந்தயம், வட்டத்தில் அதிக தூரம் ஓட வேண்டிய வெளி ஓரத்தில் அவர் மாடுதான் ஓடுகிறது. மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டேன். “மாட்ட எவனாவது பாத்துக்குவான். மாப்ளைய அனுப்புனது நான்தானே, நான்தான் போகணும்” என்றார். உங்களிடம் என்ன சொல்வதாக இருக்கிறார் என்று கேட்டதற்கு, பஸ்ஸில் யோசித்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். காலில் விழுந்தால் தடுக்காதீர்கள், துறவி என்று விழுவதாகத்தான் வெளியில் சொல்லிக்கொள்வார்.

துறவியைக் காவியைக் கழற்றச் சொல்வது பெரும் பாவம் என்று பெரியம்மா எச்சரித்திருக்கிறாள். ஆகவே நான் அப்படி எதுவும் கேட்கவில்லை. உங்கள் தலைமைச் சாமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் நல்ல நாள் பார்த்துச் சொல்பவர் என்று கேள்விப்பட்டேன், சும்மாதான் கேள்விப்பட்டேன்.

அப்பா கையில் ஒரு துணிப்பை இருக்கும். உங்கள் நீலச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பெல்ட். வேண்டாமென்றால் அப்படியே அவரிடம் திருப்பித் தந்துவிடுங்கள், மறுபடி துவைத்து இஸ்திரி போட்டு வைத்துக்கொள்கிறேன், எனக்கொன்றும் சிரமமில்லை. அறம் உங்களை எங்கிருந்தாலும் காக்கட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டில் இடுப்பு இளைத்திருக்கும் என்று பெல்ட்டில் இன்னும் இரண்டு துளை போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
குன்றடியில் அதே வீட்டில் இருக்கும்
பிம்பா