நெஞ்சு வருத்தம் என்று ஒரு பொய்

கட்டுகஸ்தோட்டை

அன்பு மகள் ருஷ்தா, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகனும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் சுகமாயிருக்க வேண்டும். இங்கே மழையும் விடவில்லை, என் வாயும் ஓயவில்லை. வாப்பாவின் முழங்கால் பரவாயில்லை.

போன கிழமை போனில் பெருமையாகச் சொன்னாய், உம்மாவின் குடும்பத்தில் நெஞ்சு வருத்தம் என்று மெல்பேர்ன் டொக்டரிடம் எழுதிக் கொடுத்தாயாம், ஈசீஜி எடுத்தார்களாம், இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள், உன் பெரியும்மா அனீஸாவும் சாச்சி ரிப்காவும் இதயம் நின்று மௌத்தாகவில்லை. இரண்டு பேருக்கும் மார்பில் புற்றுநோய். ஒருத்திக்கு நாற்பத்திரண்டு வயது, மற்றவளுக்கு முப்பத்தொன்பது. ‘நெஞ்சு வருத்தம் எண்டே செல்லுங்க, குமர்ப் புள்ளைகள் ஈக்கிற ஊடு’ என்று கட்டளை போட்டவர் வத்தேகமவில் கடை வைத்திருக்கும் உன் ரிஸ்மி மாமா. மார்பு என்று சொல்ல அந்த மனிசருக்கு வெட்கம். அனீஸா ராத்தாவின் கத்தச் சாப்பாட்டில் கோழியின் நெஞ்சுத் துண்டைக் கேட்டு வாங்கித் தின்ன மட்டும் வெட்கமில்லை. பெண் கேட்டு வருகிற கூட்டம் அதற்கு மேல், நிறத்தையும் பல்லையும் பார்ப்பார்கள், கட்டி என்று காதில் விழுந்தால் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழும்புவார்கள். இவர்களுடைய மானத்துக்கு நம் வீட்டில் இரண்டு மையித்து.

நானும் இவர்களோடு சேர்த்திதான். ராத்தாவின் மையித்தைக் குளிப்பாட்டியது நான். புண்ணாகிக் கிடந்த அந்த இடத்தை இந்தக் கையால் கழுவிவிட்டு, வெளியே வந்து நெஞ்சு வருத்தம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கண்டிக்குப் போய் பெண்கள் கிளினிக்கில் என்னைக் காட்டினேன். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று நர்ஸ் தனுஜா மிஸ்ஸி கேட்க, பழக்கத்தில் நெஞ்சு வருத்தம் என்றே வந்தது. ‘இதயமாம்மா, மார்பாம்மா? ஒண்ணச் சொல்லுங்க, ரெண்டும் வேற வேற வார்ட்டு’ என்று சிரித்தாள். மார்பு என்று சத்தமாகச் சொன்னேன். வரிசையே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். மெமோகிராம் எடுத்தார்கள், முடிவு இன்னும் வரவில்லை. சகோதரிகள் இரண்டு பேருக்கும் இளவயதில் வந்தபடியால் மகள்மார் சோதிக்கிற வயது வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இப்போதே டொக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். மாமாவுக்குத் தெரிந்து, ‘ஸனாட கலியாணம் முடியட்டுமே’ என்று கத்துகிறார். உன் தங்கச்சி ஸனாவையும் அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன், கத்தட்டும்.

அலுமாரியில் உடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த இரண்டு பேரின் ஆஸ்பத்திரித் துண்டுகளையும் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அங்கே எழுதிக் கொடுத்ததைத் திருத்து. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், அவனிடம் கேட்பதை நான் கேட்கிறேன், டொக்டரிடம் கேட்பதை நீ கேள். அங்கே போய் என்னைப் போல மென்று விழுங்காதே. மார்பு என்று சொல்.

இப்படிக்கு
உன் உம்மா ரபீகா