அக்காவின் வலி, பத்துக்கு இரண்டு

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பெரிய மருத்துவமனையின் வலி கிளினிக்குக்கு உன்னைப் பரிந்துரைத்து எழுதிவிட்டேன். முதுகு ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷமாகிறது. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. என்னைப் போன்ற குடும்ப டாக்டரின் கைச்சரக்கு தீர்ந்துவிட்டது. அங்கே வலியை மட்டுமே கவனிக்கிற டாக்டர், உடற்பயிற்சி சொல்லித்தருபவர், மனசைப் பற்றிப் பேசுபவர் எல்லோரும் சேர்ந்து பார்ப்பார்கள். "மனசு டாக்டரா, எனக்கென்ன பைத்தியமா?" என்று குதிக்காதே. இத்தனை நாள் வலித்தால் யாருக்குத்தான் மனசு நொந்துபோகாது?

பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை, வலி பத்துக்கு ஒன்பது, சொந்த சலூனையே மூடும் நிலை என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். சமர்த்தாகப் போய்விட்டு வா.

உன் தம்பி

மார்ச் 9

என் டாக்டர் துரைக்கு,

போனேன், வந்தேன், உன் மானத்தைக் காப்பாற்றினேன். உன் அக்கா என்று தெரிந்த இடத்தில் தள்ளாடிக்கொண்டு போய் நின்றால் உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? முந்தின நாளே தலைக்குச் சாயம் பூசி, முடியைச் சுருட்டிவிட்டு, கிளம்பும்போது இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டேன். லிஃப்ட் வேண்டாமென்று படியேறினேன், பார்த்துக்கொள்!

அந்தப் பெண் டாக்டர் தங்கமானவள். "வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள். "என்ன, ஒரு ரெண்டு இருக்கும்மா" என்றேன். பாவம், முன்முடி கண்ணில் விழுகிறது அவளுக்கு. நம் சலூனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வீட்டிலேயே பயிற்சி போதுமாம், இனி வரவேண்டாமாம்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் இன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன். அத்தான் சமைக்கிறார். அதைச் சாப்பிட்டால் முதுகுவலி மறந்துபோகும், வயிற்றுவலி வந்துவிடும். நீ கவலைப்படாதே.

உன் அக்கா

மார்ச் 15

என் அருமை அக்கா,

உன்னை என்ன செய்தால் தகும்? "உங்கள் சகோதரி நலமாக இருக்கிறார்" என்று அந்த டாக்டர் எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். நான் ஒன்பது என்று எழுத, நீ இரண்டு என்று சொல்ல, அக்காவுக்காக நான் புளுகினேன் என்றாகிவிட்டது. நன்றாகக் காப்பாற்றினாய் மானத்தை!

என் பேர் கிடக்கட்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு யார் தலையிலும் கை வைக்கக்கூடாது என்பாய். சலூனில் சரி, டாக்டரிடமுமா? நேற்று அத்தான் போனில் சொன்னார்: "உங்கக்கா குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ள அழறா. எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா."

கிளினிக்கில் கெஞ்சிக் கூத்தாடி உனக்கு இன்னொரு நாள் வாங்கியிருக்கிறேன். இதையும் கெடுத்தால் மறுபடி வரிசையின் கடைசியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். அதுவரை நீ தாங்கமாட்டாய் அக்கா. அலங்காரம் வேண்டாம், கூடுதல் மாத்திரை வேண்டாம். எப்படி இருக்கிறாயோ அப்படியே போ.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார்.

போனேன். சக்கர நாற்காலியில் வைத்து அத்தான்தான் தள்ளிக்கொண்டு போனார். "எப்படியிருக்கீங்க?" என்றாள் அந்தப் பெண். "நல்லாயிருக்கேன்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "முடியலம்மா" என்றேன். அவ்வளவுதான், ஓவென்று அழுதுவிட்டேன். அத்தானும் அழுதார். இதை எழுதமாட்டேன் என்று அடம்பிடித்தார், நான் விடவில்லை. "அப்ப உங்க தம்பி எழுதினது சரிதான்" என்று சொல்லி, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வலி முழுசாகப் போகாதாம். அதை வைத்துக்கொண்டே நாளை ஓட்டுவது எப்படி என்று வாராவாரம் சொல்லித்தருவார்களாம். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முடிவெட்டிப் பழகலாம் என்கிறாள். உன் தலையில்தான் முதலில் பழகப்போகிறேன், கோணலானால் கேட்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வா. நான் எழுந்து வாசலுக்கு வரமாட்டேன், என்னால் முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு நீயே உள்ளே வந்துவிடு.

உன் அக்கா