ஸ்டெல்லாம்மாவின் பெயர் உள்ள பக்கம்

செவ்வாய், இரவு

நான் பங்குத்தந்தையாக இருக்கும் கோவிலின் அருங்காட்சியகத்துக்குத் தன் தாயின் செபப் புத்தகத்தைக் கொடுத்த ஸ்டெல்லாம்மா, இன்று பேத்தியோடு வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "கடைசிப் பக்கத்துல என் பேரு இருக்குதுங்க, தெனமும் உதட்டுல ஒத்தி முத்தி செய்வேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். குடும்பத்தின் பிறப்பு இறப்புகளை அவர் தாய் எழுதிவைத்த அந்தப் பக்கத்தையே கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்தேன்.

பேத்தி உரக்கப் படித்துவிட்டாள்: "இரட்டைப் பிள்ளைகளில் பையன் இறந்தான். ஸ்டெல்லா பிழைத்தாள். ஆண்டவர் மாற்றி எடுத்திருக்கலாம்."

ஸ்டெல்லாம்மா கண்ணாடிமேல் கையை வைத்தார். "வேற பக்கத்தைத் திருப்பி வெச்சுருங்க, சாமி."

"குடுத்தது குடுத்ததுதானுங்க. இனி இது கோவில் சொத்து" என்றேன்.

வாங்கிய அன்றே படித்தவன்தான் நான். வெறும் செபத்தை எவன் நின்று பார்ப்பான்?

அவர் போனதும் கண்ணாடியில் பதிந்திருந்த கைத்தடத்தைத் துடைத்தேன். நாளை ஆயர் வருகிறார்.