உச்சிக்குப் போய் வந்த சைக்கிள்

அன்புள்ள டெக்ஸ்டர்,

ஓரிகன் மழை உனக்கும் அவளுக்கும் ஒத்துக்கொள்கிறதா?

அனுப்பச் சொல்லி நம் மகனிடம் கேட்டிருந்தாயே, அந்த மலை சைக்கிளைச் சரிசெய்துவிட்டேன். நீ போனதிலிருந்து கொட்டகையில்தான் கிடந்தது. துருவைச் சுரண்டினேன், இரண்டு சக்கரத்துக்கும் ஸ்போக்ஸ் கம்பி புதிதாகக் கோத்தேன். பின் பிரேக் எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மார்கோ தன் பழைய சைக்கிளிலிருந்து கழற்றிக் கொடுத்தான். "அந்தாளுக்காகவா இவ்வளவு பாடு படுற?" என்று கேட்டான். நான் எண்ணெய்க் குப்பியைத் தேடப் போய்விட்டேன்.

பெட்டியில் போட்டுக் கட்டுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று டமால்பைஸ் மலைக்குக் கொண்டுபோனேன். ஏற்றத்தில் பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். உச்சியில் ஒரு கூட்டமே சைக்கிளை மொய்த்துக்கொண்டது.

"அய்யோ, எண்பதுல செஞ்சதா! மலை சைக்கிளே அப்பதானே வர ஆரம்பிச்சுது! யாரோடதுங்க இது?" என்றாள் ஒருத்தி.

கொட்டகையில் இதைப் பார்த்து யார் கேட்டாலும், இத்தனை வருஷமும் உன் பெயரைத்தான் சொல்லி வந்தேன். அன்று, "என்னோடதுதான்மா" என்று வாயில் வந்துவிட்டது.

இறக்கத்தில் கத்திக்கொண்டே வந்தேன். வளைவில் பின்சக்கரம் வழுக்கியும் விழவில்லை, டெக்ஸ்டர்! வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சைக்கிளை அனுப்பப் போவதில்லை. ஓட்ட ஆசையிருந்தால் இங்கே வா. சீட்டை என் உயரத்துக்கு இறக்கியிருக்கிறேன். நீ ஏற்றிக்கொள். போகும்போது மறுபடி இறக்கி வைத்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
ஃபேர்ஃபாக்ஸ் வீட்டில் இன்னும் இருப்பவள்