நாடி இல்லாத மனுசன்

வில்பட்டி,
ஞாயிறு காலை

என் தங்கம் சுசித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்தத் தடவை சத்தியமாகவே சுகம். அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் உன் அப்பா அப்படி இல்லை இப்படி என்று குறுக்கே பேசுவார், அதனால்தான் கடிதம்.

உன்னிடம் மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் இதயத்தில் பம்பு வைத்து அனுப்பிய இந்த இரண்டு மாதமும் உன் அப்பா மனசு சரியில்லையடி. பம்பு ரத்தத்தை நிற்காமல் ஓட்டுவதால் கையைப் பிடித்தால் துடிப்பு தெரியாது, அவ்வளவுதான் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார்கள். நாடி இல்லாத மனுசன் இருந்தா என்ன செத்தா என்ன என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பம்புக்குப் பேட்டரி மாற்றக் கற்றுக்கொடுத்தபோதும் அப்படித்தான், தீர்ந்தா தீரட்டும், நான் தொட மாட்டேன் என்றார். இரண்டு வேளையும் நான்தான் மாற்றினேன், மறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. ஊருக்கும் சொல்லக் கூடாது என்று உத்தரவு, ஏதோ ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை பனிமூட்டம் விலகி நல்ல வெயில் அடித்தது. கேரட் காட்டு ஓரத்தில் சாக்கு விரித்து அவரைப் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, மாற்றுப் பேட்டரிப் பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட் ஏற்றுகிற பழனிமுத்து வண்டியோடு வந்திருக்கிறான். கூப்பிட்டால் இவர் எழவில்லை, மாத்திரைத் தூக்கம். நம்மூர் ஆட்கள் என்ன செய்வார்கள், கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கிறான். அண்ணன் போயிட்டாக, வெரசா ஓடியாங்க என்று மலையே அதிரக் கத்திவிட்டான்! மண்வெட்டியைப் போட்டுவிட்டு அத்தனை பேரும் ஓடிவர, வாய்க்கால் தண்ணீருக்காக மூன்று வருஷமாக நம்மோடு பேசாத குப்பம்மாள் மதினி, ராசாவே தங்கமே என்று ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். சத்தத்தில் முழித்த இவர் எழுந்து உட்கார்ந்து, ஏலே, யாருலே செத்தது என்று கேட்டாராம். பழனிமுத்து மல்லாக்க விழுந்துவிட்டான். மதினி ஒப்பாரியைப் பாதியில் விட, நிப்பாட்டாத தங்கச்சி, நல்லாத்தான இருக்கு என்றாராம் இவர்.

எனக்கு அதெல்லாம் தெரியாதே! கடையில் நிற்கும்போது ஒப்பாரி கேட்டது, அப்போதுதான் காலையில் பேட்டரி மாற்றவில்லை என்பதே நினைவு வந்தது. நானே கொன்றுவிட்டேனே என்று அரிசியைப் போட்டுவிட்டு ஓடினேன், செருப்பு எங்கே போனதோ. வேலியருகே வரும்போது அவர் இடுப்பில் கட்டியிருக்கிற பம்புப் பெட்டி, பேட்டரி தீரப்போகிறது என்று கீ கீ என்று கத்துகிறது, கூட்டம் மிரண்டு நிற்கிறது. உன் அப்பாவோ சட்டையைத் தூக்கி பம்பிலிருந்து வயிற்று வழியாக வெளியே வரும் வயரை எல்லோருக்கும் காட்டியபடியே பையைத் திறந்து, ஒரு பேட்டரியைக் கழற்றிப் புதியதை மாட்டி, அது பொருந்திய பிறகே அடுத்ததைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்துக் கழற்றக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது சுவரைப் பார்த்திருந்த மனுசன்! எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என்னைப் பார்த்து, என்னடி, எனக்கு முந்தி நீ போயிருவ போல, உக்காரு என்றார். அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன்.

இப்போது பேட்டரியை என்னைத் தொடவே விடுவதில்லை. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். சுடுதண்ணீரில் குளி, வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்குப் போன் போடு, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. பக்கத்து ஊர் பள்ளங்கி வரைக்கும் தான் செத்துப் பிழைத்த கதையைத் தானே சொல்லி முடித்துவிட்டார், இன்னும் நீ ஒருத்திதான் பாக்கி.

ஆயிரம் முத்தங்களுடன்
உன் அம்மா
தேவசேனா