பெரியவர்களுக்கு எதற்கு அம்மை குத்துவது?

ஆம்பூர், 9 பிப்ரவரி 1927

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் சலோமி பணிந்து எழுதுவது. உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மா நன்றாகத் தூங்குகிறார்களா?

நான் சுகம். லேசாக ஜுரம் வந்து போனது, அவ்வளவுதான். நாட்றம்பள்ளியில் பெரியவர்களுக்கே அம்மை கண்டிருக்கிறது. இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் பெண்கள் பிள்ளைகளுக்கு அம்மை குத்த என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள். தங்கள் கையை மட்டும் நீட்ட மறுக்கிறார்கள். சிறு வயதில் குத்தியதன் பலம் குறைந்துவிடும் என்று தொண்டை வறளச் சொல்லியாயிற்று.

“எங்களுக்கு இன்னாத்துக்குமா? மொதல்ல நீ குத்திக்கோ” என்றார் பக்கத்து வீட்டு ஹலீமா பீ. எல்லோரும் பார்க்க என் இடது கையில் நானே குத்திக்கொண்டேன். நாலாம் நாள் கை வீங்கி ஜுரம் வந்தது. “பாத்தியா, குத்தறவங்களுக்கே ஜுரம்” என்று அத்தனை பேரும் பின்வாங்கிவிட்டார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்தது.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள், போர்த்திக்கொள்ள. நீங்களும் அங்கே குத்திக்கொண்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது.

என்னால் இன்னும் கையைத் தூக்க முடியவில்லை. தினமும் காலையில் ஹலீமா பீதான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துத் தலை பின்னிவிடுகிறார். இதோ வந்துவிட்டார், முடிக்கிறேன். குத்திக்கொள்ளச் சொல்லி இன்றும் அவரைக் கேட்கப் போகிறேன். நேற்று கேட்டதற்கு, “கம்முனு உக்காரு, பின்னல் கோணுது” என்று என் தலையை நேராகத் திருப்பிவிட்டார்.

சலோமி